ஃபயர்வாட்ச்: காடு முழுக்க நடக்கவிட்டு, கடைசியில் கையை விரித்துவிட்டார்களே!

வழிதப்பியவன் எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபயர்வாட்ச் என்ற வீடியோ கேமின் முழுக்கதையையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். விடிகாலை மூன்றரைக்கு முடிந்தது. நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த அளவுக்கு இழுத்துப்பிடித்த விளையாட்டு, கடைசி அரைமணி நேரத்தில் இப்படி நமுத்துப்போன பட்டாசாகும் என்று நினைக்கவே இல்லை.

1989 கோடை. வயோமிங் மாநிலத்தின் ஷோஷோனி தேசியக் காடு. ஹென்றி என்ற நடுத்தர வயது ஆள் காட்டுத்தீ கண்காணிப்புக் கோபுரத்தில் வேலைக்கு வருகிறான். பேச்சுத்துணைக்கு ஒரு வாக்கி டாக்கி. அதில் பக்கத்து மலைக் கோபுரத்திலிருந்து டிலைலா என்ற பெண்ணின் குரல். முதல் நாள் இரவே யாரோ இவன் கோபுரத்துக்குள் புகுந்து கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் தொலைபேசிக் கம்பி அறுந்து கிடக்கிறது. ஏரியில் குளித்த இரண்டு பெண்களைக் காணவில்லை. பிறகொரு நாள் ஏரிக்கரையில் ஒரு கிளிப்போர்டு கிடைக்கிறது. எடுத்துப் பார்த்தால், ஹென்றியும் டிலைலாவும் பேசியதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது! முதுகு சில்லிட்டுப்போனது. அதைப் படித்து முடிப்பதற்குள் மண்டையில் அடி விழுகிறது.

அப்புறம் வேலி போட்ட வாபிட்டி நிலையம், உள்ளே ஏதேதோ கருவிகள், இவர்கள் இருவரையும் பற்றிய அறிக்கைகள். அரசாங்கமா, ராணுவமா, ஆட்களை வைத்து ஏதாவது சோதனை நடத்துகிறார்களா என்று என் மனசு எங்கெங்கோ ஓடியது. கடைசியில் பார்த்தால், மகனைப் பறிகொடுத்த ஓர் ஆள் காட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறான், அவ்வளவுதான். சரி, டிலைலாவையாவது நேரில் பார்ப்போம் என்று புகைக்குள் ஓடினால், அவள் முந்தின ஹெலிகாப்டரிலேயே கிளம்பிவிட்டாள்.

என்னைத் தவிர எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது போல. எனக்கு மட்டும்தான் ஏமாற்றமா?

---

ஓட்டைவாளி எழுதியது:

இல்லை நண்பா, நானும் உங்கள் கட்சிதான். இதில் நாம் எடுக்கும் முடிவு எதுவும் எதையும் மாற்றாது. டிலைலாவிடம் தேனாகப் பேசினாலும் கிளம்பிவிடுவாள், எரிந்து விழுந்தாலும் கிளம்பிவிடுவாள். அப்புறம் எதற்குத் திரையில் மூன்று பதில்களைக் காட்டி, நேரம் ஓடுகிறது சீக்கிரம் சொல் என்று பதறவைக்க வேண்டும்? கதை சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

---

கூகை எழுதியது:

வழிதப்பியவன், உங்கள் பதிவை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "அரசாங்கமா, ராணுவமா" என்று நீங்கள் ஓடியதையும் சேர்த்துத்தான் கதையே எழுதப்பட்டிருக்கிறது என்பேன்.

வரிசையாக வருகிறேன். அந்த இரண்டு பெண்கள் காணாமல் போனதும் டிலைலா என்ன செய்தாள், நினைவிருக்கிறதா? நாங்கள் அவர்களைப் பார்க்கவே இல்லை என்று மேலிடத்தில் பொய் சொல்லிவிட்டாள். ஹென்றிக்கும் அது தெரியும். ஆக, இரண்டு பேரின் மடியிலும் கனம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இவர்களுக்கு ஒவ்வொரு சத்தமும் சதியாகக் கேட்கத் தொடங்குகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பெண்கள் பிறகு உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. வாபிட்டி என்பது எல்க் மானின் இன்னொரு பெயர். பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, அது மான் ஆராய்ச்சி செய்யும் இடம் என்று! நாம்தான் வேலியைப் பார்த்ததும் ராணுவத்துக்குப் போய்விட்டோம்.

காட்டுக்குள் ஒளிந்திருந்த அந்த ஆள், நெட் குட்வின், செய்ததெல்லாம் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டதுதான். தன் பக்கம் யாரும் வரக்கூடாது, மகன் பிரையனின் உடல் கிடக்கும் குகையை யாரும் திறக்கக்கூடாது. அதற்காக இவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு, கிடைத்த கருவிகளை வைத்துப் பொய் அறிக்கைகள் தயாரித்தான். பயந்துபோயிருந்த இரண்டு பேர் மிச்சத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கூடவே நானும் கட்டினேன். முதல் தடவை விளையாடியபோது ஒரு நோட்டுப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு அந்தக் கதையில் உண்மையாகவே வலித்த இடம் வேறு. பிரையனின் மறைவிடத்தைத் தேடிக் கண்டுபிடித்தீர்களா? சின்னப்பையன் தனக்கென்று கட்டிக்கொண்ட கோட்டை. அங்கே மலையேற்றத்துக்கான கொக்கிகளை ஒளித்துவைத்திருப்பான். ஏன்? அப்பா மலையேறக் கூட்டிப்போகக் கூடாது என்பதற்காக. அந்தக் கொக்கிகளைப் பார்த்த பிறகு குகைக்குள் போங்கள். அரசாங்கச் சதி என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்புறமும் உங்களுக்குத் தோன்றினால் நான் இந்த இழையை விட்டே போய்விடுகிறேன்.

---

ஓட்டைவாளி எழுதியது:

பிரையன் விஷயம் கனமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நெட்டை ஒரு நிமிடம் யோசியுங்கள். போர்முனையில் இருந்து வந்த, மகனைக் குகையில் விட்டுவிட்டு ஒளிந்து வாழும் மனிதன் உட்கார்ந்து அத்தனை பக்கம் தட்டச்சு செய்கிறான், ஒட்டுக்கேட்கிறான், மண்டையில் அடிக்கிறான். இவ்வளவு வேலை பார்ப்பதற்குப் பதில் இன்னும் ஒரு மலை தாண்டிப் போயிருந்தால் அவனை யார் தேடியிருக்கப்போகிறார்கள்? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

---

கூகை எழுதியது:

மகனை விட்டுவிட்டு எங்கே போவான்?

---

ஓட்டைவாளி எழுதியது:

சரி, அது ஒரு பதில்தான். ஆனாலும் அந்தத் தட்டச்சு அறிக்கைகளை நான் நம்ப மாட்டேன்.

---

முக்கோணம் எழுதியது:

கோபுரங்கள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பைத்தியம் எனக்கு உண்டு. அதனால் வேறு பக்கமிருந்து வருகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹென்றியின் அறைக்கு நடுவே ஒரு மேடையில் வட்டமான கருவி நிற்குமே, அதை எத்தனை பேர் கவனித்தீர்கள்? அது ஆஸ்போர்ன் தீகாட்டி. வில்லியம் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க வனத்துறை ஊழியர் 1910களில் உருவாக்கியது. நடுவில் அந்தப் பகுதியின் வரைபடம். சுற்றிலும் பாகை குறித்த வளையம். வளையத்தின் ஒரு பக்கம் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு மெல்லிய பிளவு, எதிர்ப்பக்கம் குதிரைமயிர் கட்டிய சட்டம். தூரத்தில் புகை தெரிந்தால், பிளவு வழியாகப் பார்த்து மயிரையும் புகையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, பாகையைப் படித்து ரேடியோவில் சொல்ல வேண்டும். இன்னொரு கோபுரத்தில் இருப்பவரும் அதே புகைக்குத் தன் பாகையைச் சொல்வார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ. ஒரு கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு திசையைச் சொல்லலாம், இடத்தைக் கச்சிதமாகச் சொல்வது கஷ்டம்.

அந்தக் காலத்தில் வனத்துறை ஏராளமாகக் கட்டிய கோபுர அறைகளின் அளவு 14 அடிக்கு 14 அடி. நாலு பக்கமும் கண்ணாடி. இடி இடிக்கும்போது தரையோடு தொடர்பு இல்லாமல் இருக்கக் காலில் கண்ணாடி பொருத்திய முக்காலியில் ஏறி நிற்பார்கள். அந்த அறைக்குள் கோடை முழுக்க ஒரே ஆள். 1956இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக் வாஷிங்டன் மாநிலத்தின் டெஸலேஷன் சிகரத்தில் 63 நாள் இப்படி இருந்தார்.

இப்போது ஓட்டைவாளியின் கேள்விக்கு வருகிறேன், "நம் முடிவு எதையும் மாற்றவில்லை" என்றாரே. கோபுரக் காவலரின் வேலை தீயை அணைப்பது இல்லை ஐயா. பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டில் ஒரு தீ பிடித்து நாள் கணக்கில் எரியும். அதற்குப் பெயர் வைக்கும் உரிமையை மட்டும் நமக்குத் தருவார்கள். அணைக்கச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி கோபுரத்தில் நின்றுகொண்டு, நாம் பெயர் வைத்த தீ எரிவதைப் பார்த்தபடி டிலைலாவோடு பேசிக்கொண்டிருப்போம். எனக்கு இந்த விளையாட்டு முழுதுமே அந்த ஒரு காட்சிதான். மனைவி ஜூலியாவுக்கு வந்த மறதி நோயும் அப்படித்தான் இருந்தது ஹென்றிக்கு. பார்க்கலாம், பெயர் சொல்லலாம், அணைக்க முடியாது.

1989 என்று வருடம் வைத்ததும் சும்மா இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பக்கத்திலிருக்கும் யெல்லோஸ்டோன் எரிந்தது. பூங்காவுக்குள் மட்டும் 7,93,880 ஏக்கர், மொத்தப் பரப்பில் சுமார் 36 சதவீதம். 1972 முதலே அங்கே மின்னலால் பிடிக்கும் தீயைப் பெரும்பாலும் தன்போக்கில் எரியவிடுவது வழக்கம். 1988 கோடையில் வறட்சியும் காற்றும் சேர்ந்துகொள்ள, ஜூலையில் அந்த முடிவை மாற்றி அணைக்க இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் போராடினார்கள். ஆனாலும் தீயின் வேகத்தை அடக்கியது செப்டம்பர் 11 அன்று பெய்த மழையும் பனியும்தான். அங்கே லாட்ஜ்போல் பைன் என்று ஒரு மரம் உண்டு. அதன் காய்களில் பல பிசினால் ஒட்டி மூடியிருக்கும், தீயின் சூடு பட்டால்தான் வாய் திறந்து விதை உதிர்க்கும். எரிந்த மறுவருடமே கரிக்கு நடுவே கன்றுகள் வரும்.

---

வழிதப்பியவன் எழுதியது:

முக்கோணம் அண்ணே, அந்தக் கருவியை நான் ஏதோ அலங்காரச் சாமான் என்று நினைத்துச் சும்மா சுற்றிவிட்டு வந்தேன். அந்தக் கோடு வெட்டும் விஷயம்... ஹென்றிக்கும் டிலைலாவுக்கும் கூடப் பொருந்துகிறதே என்று தோன்றுகிறது. விடுங்கள், ரொம்ப யோசிக்கிறேன்.

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

யாரும் தயாரிப்பு பக்கம் போகவில்லை, நான் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன்.

செய்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் காம்போ சாண்டோ என்ற நிறுவனம். அவர்களின் முதல் விளையாட்டே இதுதான். யூனிட்டி என்ற, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு சின்னக் குழு செய்தது. வெளியீட்டுக்குப் பணம் போட்டது பேனிக் என்ற மென்பொருள் நிறுவனம். கணினிக்கும் பிளேஸ்டேஷன் 4க்கும் 2016 பிப்ரவரி 9 அன்று வந்தது, நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு 2018 டிசம்பரில். டிலைலாவுக்குக் குரல் கொடுத்த சிஸ்ஸி ஜோன்ஸுக்கு 2017இல் பிரிட்டனின் பாஃப்டா விருது. அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டாவும் இதற்கே. ஹென்றியின் குரல் ரிச் சாமர்.

சோகம் என்னவென்றால், 2018இல் வால்வ் என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் இவர்களை வாங்கியது. எகிப்தை வைத்து 'இன் தி வேலி ஆஃப் காட்ஸ்' என்று அடுத்ததை அறிவித்திருந்தார்கள். அது அப்படியே கிடப்பில் போய்விட்டது. இரண்டாவது விளையாட்டுக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன். டிலைலாவுக்காக ஹென்றி காத்திருந்த கதைதான்.

---

வரைபடக்கிறுக்கன் எழுதியது:

கதையைப் பற்றி நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடப்பதுதான் விளையாட்டு.

அமைப்புகளுக்குள் போய், வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியை அணைத்துவிடுங்கள். இது ஒன்றைச் செய்தால் போதும், வேறு விளையாட்டாகிவிடும். ஒரு கையில் காகித வரைபடம், இன்னொரு கையில் திசைகாட்டி. படத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கினால் வழி தெரியாது, இறக்கினால் படம் தெரியாது. பாறை, ஓடை, விழுந்த மரம், இவற்றை வைத்துத்தான் "நான் இங்கேதான் நிற்கிறேன்" என்று முடிவுக்கு வர வேண்டும். முதல் முறை ஏரிக்குப் போகும் பாதையில் நான் ஒரே பாறையை மூன்று தடவை சுற்றினேன். நான்காவது தடவை அது எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

வழியெங்கும் மஞ்சள் சாமான் பெட்டிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பூட்டு எண் 1234. (அரசாங்கச் சதி என்று நினைத்தவர்கள் இந்தப் பூட்டைப் பார்த்தபோதே சுதாரித்திருக்க வேண்டும்!) பெட்டிக்குள் ரான், டேவ் என்று இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எழுதிவைத்த சீட்டுகள் கிடைக்கும். அவர்களை நாம் பார்க்கவே மாட்டோம். சும்மா கேலியும் கிண்டலுமாகத் தொடங்கி, போகப்போக அது ஒரு நட்பின் கதையாகிவிடும். பெரும்பாலோர் அதில் இருக்கும் வரைபடக் குறிப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவியர் ஆலி மாஸின் கைவண்ணம். அமெரிக்கப் பூங்காக்களுக்கு அந்தக் காலத்தில் அச்சடித்த சுவரொட்டிகளின் பாணி. கிட்டே இருக்கும் மரம் கறுப்பு, அதற்குப் பின்னால் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, கடைசி மலை வெளிறிய மஞ்சள். மலைகளை அடுக்கடுக்காகத் தட்டையாக வெட்டி ஒட்டியது போல இருக்கும். முப்பரிமாணத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது அந்தத் தட்டை உணர்வு கெடாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

---

சாம்பல் எழுதியது:

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆரம்பத்தில் திரையில் எழுத்தாக வரும் பகுதியை யாரும் பேசவில்லை. ஹென்றி 1975இல் கொலராடோவின் போல்டர் நகரில் ஜூலியாவைப் பார்க்கிறான், கல்யாணம், நாய்க்கு என்ன பெயர், பிள்ளை வேண்டுமா வேண்டாமா. பிறகு அவளுக்கு மறதி நோய், அதுவும் அந்த நோய் வருகிற வயதே இல்லை. வீட்டில் வைத்து நீயே பார்த்துக்கொள்வாயா, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பாயா என்று கேட்கும். நான் அந்த இரண்டு வரிக்கு முன்னால் சுட்டியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு நேரக்கெடு வைக்காமல் விட்டார்களே, அதுவே பெரிசு.

என் அம்மா கடைசி இரண்டு வருடம் என்னைத் தன் தங்கை என்று நினைத்துத்தான் பேசினார். சண்டை பிடிப்பதும் சமாதானம் ஆவதும் சித்தியோடுதான், என்னோடு இல்லை. ஒரு நாள் மருந்து வாங்கி வருகிறேன் என்று பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு வந்தவள், பேருந்து நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் பலகையையும் படித்தேன். ஹென்றி ஏறிவிட்டான், அவ்வளவுதான் அவனுக்கும் எனக்கும் வித்தியாசம்.

அதனால் "டிலைலா ஏன் காத்திருக்கவில்லை" என்று நீங்கள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அவள் இருந்திருந்தால் அவன் கட்டாயம் ஜூலியாவிடம் போயிருக்க மாட்டான். அவன் கேட்டாலும் அவள் வர மறுத்து, போய் உன் மனைவியைப் பார் என்ற பக்கமாகத்தான் தள்ளுவாள். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. பிரையன் உயிரோடு இருந்தபோது, சிறுவனைக் காட்டில் வைத்திருக்கக் கூடாது என்று தெரிந்தும் மேலே சொல்லாமல் விட்டவள் அவள். ஒருமுறை கண்டும் காணாமல் இருந்ததன் விலை அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஜூலியா வரைந்த ஹென்றியின் படம் கோபுரத்தில் இருக்கும், பார்த்தீர்களா? தொடக்கத்தில் நீங்கள் எந்தத் தோரணையைத் தேர்ந்தீர்களோ அதே தோரணையில். முடிவுகள் எதையும் மாற்றவில்லை என்றாரே ஓட்டைவாளி, அந்தப் படத்தை மாற்றுகிறது.

---

ஓட்டைவாளி எழுதியது:

சாம்பல் அக்கா, இதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நெட்டின் தட்டச்சைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

அந்தத் தட்டச்சு விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அது கதாசிரியர்களின் அவசரம். கூகை திட்டினாலும் பரவாயில்லை.

---

வழிதப்பியவன் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். இரண்டாவது தடவை முடித்தேன். இந்தத் தடவை புள்ளியை அணைத்துவிட்டுத்தான் நடந்தேன். வரைபடக்கிறுக்கன், உங்கள் சொந்தக்காரப் பாறையை நானும் பார்த்தேன்.

முதல் தடவை கவனிக்காத ஒன்று. வாக்கி டாக்கியில் பதில் சொல்லாமலும் இருக்கலாம். கீழே அந்தக் கோடு சுருங்கிச் சுருங்கித் தீர்ந்துபோகும், நாம் வாய் திறக்காமல் நடந்துகொண்டே இருக்கலாம். டிலைலா அதற்கும் ஏதாவது சொல்வாள். ஜூலியாவைப் பற்றி அவள் கேட்ட ஓர் இடத்தில் பொத்தானை அழுத்தவே இல்லை. காட்டின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவை இதே இடத்தில் என்ன பதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவே வரவில்லை. அவசரத்தில் ஏதோ ஒன்றை அழுத்தியிருப்பேன்.

முடிவு இன்னும் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. கடைசி அரைமணி நேரம் ஓட்டமாக ஓடுகிறது. நெட்டின் ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டே அவன் ஒளிந்திருந்த இடத்தைப் பார்க்கும்போது, இன்னும் கொஞ்சம் நிற்கவிட்டிருக்கலாம். ஆனால் கையை விரித்துவிட்டார்கள் என்ற தலைப்பை இன்றைக்கு எழுதினால் வைக்க மாட்டேன். மாற்றலாமா என்று பார்த்தேன், பூட்டியிருக்கிறது. 1234 போட்டும் திறக்கவில்லை.

இன்னொன்று. காட்டில் கிடைக்கும் கேமராவில் நாம் எடுக்கும் படங்கள் கடைசியில் பெயர்கள் ஓடும்போது வருமே. முதல் தடவை என்னுடையதெல்லாம் அறுந்த கம்பி, வேலி, கிழிந்த கூடாரம். துப்பறியும் போலீஸ்காரன் மாதிரி தடயமாக எடுத்துத் தள்ளியிருந்தேன். இந்தத் தடவை ஏரி, சாயங்கால மலை, புகைக்கு அந்தப்பக்கம் புள்ளியாகத் தெரிந்த டிலைலாவின் கோபுரம், ஆமை.

---

வரைபடக்கிறுக்கன் எழுதியது:

ஆமைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

---

வழிதப்பியவன் எழுதியது:

டர்ட் ரெனால்ட்ஸ். வேறு என்ன வைப்பது?

---

ஓட்டைவாளி எழுதியது:

இருங்கள், இருங்கள். எந்த ஆமை?